வீடு சுவிஸ் மலையில், சொந்தக்காரர் கல்லடியில்: பனி அள்ளுவது யார் பொறுப்பு?

கேள்வி: என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் சுவிஸில் காலமானார். கிராபுண்டன் மாநிலத்தில் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு கிராமத்தில் அவர் வாங்கிய மாடி வீடு இப்போது என் பெயரிலும் மகன் பெயரிலும் இருக்கிறது. அம்மாவைப் பார்க்க மட்டக்களப்பு கல்லடிக்கு வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். மகனுக்கு சூரிச்சில் வேலை. மேல்மாடியில் ஒரு போர்த்துக்கல் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் எங்கள் தபாலை எடுத்து வைக்க வந்த பக்கத்து வீட்டு வயதான அம்மா வாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அடுத்த வாரமே ஊர்ச்சபையிலிருந்து கடிதம், கூரைப் பனி பாதைப் பக்கம் தொங்குகிறது, அகற்றுங்கள் என்று. வாடகைக்காரர் அது தன் வேலை இல்லை என்கிறார். சபைதானே பனி அள்ளுகிறது, அதற்குத்தானே வரி கட்டுகிறோம்? இவ்வளவு தூரத்தில் இருக்கும் நான் எப்படிப் பொறுப்பாவேன்? பேசாமல் வீட்டை விற்றுவிடலாமா?
(கல்லடியிலிருந்து ஒரு வாசகி)

அன்பின் அக்காவுக்கு,

நேராகவே சொல்கிறேன். அந்தப் படிக்கும் அந்தக் கூரைக்கும் பொறுப்பு நீங்களும் உங்கள் மகனும்தான். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் இதை மாற்றாது. அதே மாநிலத்தின் கூர் நகரத்தில் ஒரு வீட்டு நிர்வாக அலுவலகத்தில் நான் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு மாரியிலும் இதே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள், அதில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள். பதில் ஒருபோதும் மாறியதில்லை: காணிப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான்.

சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்வது சுருக்கமாக இதுதான். ஒரு கட்டடத்தின் கட்டுமானக் குறையாலோ பராமரிப்புக் குறையாலோ யாருக்காவது பாதிப்பு வந்தால் அதன் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்க வேண்டும். இதில் நீங்கள் கவனயீனமாக இருந்தீர்களா என்ற கேள்வியே வராது. நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது, ஆள் வைத்திருந்தேன், அவர் வரவில்லை என்று எதைச் சொன்னாலும் விழுந்தவருக்கு முன்னால் அது எடுபடாது. ஆள் வைத்திருந்தால், அவர் வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், நீங்கள் கொடுத்ததை அவரிடமிருந்து திருப்பிக் கேட்கலாம், அதே பிரிவு அதற்கும் இடம் தருகிறது, ஆனால் அது பிறகு நடக்கிற கதை. வீடு இரண்டு பேர் பெயரில் இருப்பதால் முழுத்தொகையையும் உங்கள் இருவரில் யாரிடமும் கேட்கலாம் என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள். பாதிப் பங்கு என்பதால் பாதிப் பொறுப்பு என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இதை எப்படிப் பார்க்கிறோம் என்று யோசித்தால் உங்கள் குழப்பம் எனக்கு விளங்குகிறது. மழை தொடங்கியதும் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்குள் வந்து குரும்பைக் கோம்பையிலும் பழைய டயரிலும் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்ப்பார், இருந்தால் பெரும்பாலும் அந்த நேரம் வீட்டில் இருக்கிறவருக்குத்தான் வழக்கு, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமும் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் என்றுதான் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பழக்கத்தில், மேல்மாடியில் ஒரு குடும்பம் இருக்கும்போது அவர்கள் ஏன் படியைப் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. அங்கே அப்படி இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர் வீட்டையும் அதற்குள் வரும் வழியையும் பாவிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 256ஆம் பிரிவு வீட்டுக்காரர் மேல்தான் கடமையை வைக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் பனி அள்ளுவது வாடகைக்காரர் வேலை என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, உங்கள் போர்த்துக்கல்காரர் சொல்வது சரி. அவரோடு கோபிக்க வேண்டாம், அடுத்த மாரிக்கு அவர் உங்களுக்குத் தேவைப்படுவார்.

சரி, வரி கட்டுகிறோமே என்ற கேள்வி. சபை வாகனம் வந்து வழிப்பது பொதுப் பாதையை. முதலில் பெரிய ரோடு, பஸ் போகிற வழி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி, அப்புறம்தான் சின்னப் பாதைகள். உங்கள் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்கும் படி, வாசல், கார் விடும் இடம், குப்பைத்தொட்டிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் உங்களுடையவை. இன்னொரு விஷயம் பலருக்குக் கோபத்தை வரவழைக்கும்: சபை வாகனம் போகும்போது உங்கள் கார் வழிக்குக் குறுக்கே ஒரு பனி மதிலைக் குவித்துவிட்டுப் போகும், அதையும் பொதுவாக நீங்கள்தான் அள்ள வேண்டும், அள்ளியதைத் திரும்ப ரோட்டில் தள்ளக் கூடாது, பக்கத்துக் காணியில் கொட்டவும் கூடாது. பல மலைக் கிராமங்களில் ரோட்டுப் பனியை ஓரக் காணிக்குள் ஒதுக்குவதைக் காணிக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதி இருக்கும். இவை கிராமத்துக்குக் கிராமம் மாறுபவை. சபைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மாரிகாலப் பராமரிப்பு விதிமுறையை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அனுப்புவார்கள்.

எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவில் வீடு இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 93ஆம் பிரிவு ஊருக்குள் வீடு வைத்திருப்பவர்களைப் பொது நடைபாதையையும் வழிக்கச் சொல்கிறது: காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கும் நடைபாதை முழுக்க, நடைபாதையே இல்லாத இடத்தில் ரோட்டோரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு. கூரையில் தொங்கும் பனியையும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. சுவிஸில் நாடு முழுக்க இப்படி ஒரே மணிக்கணக்கு இல்லை. பராமரிப்பில் குறை இருந்ததா என்று முடிவு செய்ய, நியாயமாக எதிர்பார்க்கக் கூடிய அளவுக்கு அந்த இடம் பராமரிக்கப்பட்டிருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பனி கொட்டும்போது நீங்கள் மண்வாரியோடு நிற்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. மாரியில் மலைக் கிராமத்தில் நடக்கிறவரும் சப்பாத்தையும் அடியையும் பார்த்து வைக்க வேண்டும், அவர் பக்கம் கவனக்குறைவு இருந்தால் நட்டஈடு குறையும். ஆனால் ஆட்கள் வந்து போகிற நேரத்தில், அதாவது காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற நேரத்திலிருந்து இரவு வரைக்கும், வீட்டு வாசலுக்கு வருகிற ஒரு வழியாவது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இனி அந்தப் படி. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அம்மா விழுந்ததாகச் சொல்லும் மூன்றாவது படியில் பனி இல்லை அக்கா, கண்ணாடி மாதிரி ஐஸ் இருக்கிறது. அந்த ஒரு படியில் மட்டும், அதுவும் இடது பக்கம் மட்டும். அண்ணாந்து பார்த்தால் அதற்கு நேர் மேலே கூரைத் தண்ணீர் ஓடும் பீலியின் மூட்டு விட்டிருக்கிறது, அதிலிருந்து ஒரு ஐஸ் ஈட்டி தொங்குகிறது. நடந்தது இதுதான்: பகலில் வெயில் பட்டுக் கூரைப் பனி உருகும், தண்ணீர் பீலியில் ஓடாமல் அந்த மூட்டால் சொட்டும், மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அரை மணித்தியாலத்தில் அது உறையும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு படை. பனியை எத்தனை தரம் அள்ளினாலும் அந்த ஐஸ் அங்கேயே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், வழக்கு என்று வந்தால் உங்களுக்குப் பாதகமாகப் போவது இந்தப் பீலிதான். அன்றைக்கு நிறையப் பனி கொட்டியது, அள்ள நேரமிருக்கவில்லை என்றால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பீலி கோடையிலேயே உடைந்திருக்கிறது, படியில் கைபிடியும் இல்லை. இவை இரண்டும் வானிலையால் வந்தவை இல்லை, பராமரிப்பில் விட்ட குறை என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பக்கத்து வழக்குகளில் புதுப் பனியை விட இந்த மாதிரி உருகி உறைந்த தண்ணீர்தான் அதிகம் ஆளை விழுத்துகிறது. ஆகவே வேறு எதைச் செய்யாவிட்டாலும் பீலியைத் திருத்த ஆளைப் பிடியுங்கள், பெரிய செலவு இல்லை. திருத்தும் வரைக்கும் அந்தப் படியின் இடது பக்கத்தை ஒரு கயிறு கட்டி மறிக்கச் சொல்லுங்கள். சரி செய்வதற்கு முன் மகன் ஒருநாள் போய் எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து வைக்கட்டும், உங்களுக்கு எதிரான படமாக இருந்தாலும் எடுக்கட்டும், காப்புறுதிக்காரர் எப்படியும் கேட்பார்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. 'அவ நல்லவ, வழக்கெல்லாம் போட மாட்டா' என்று எழுதியிருக்கிறீர்கள். போட மாட்டார்தான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியது அவருடைய காப்புறுதி. அது கட்டிய காசை, பொறுப்பானவர் என்று ஒருவர் இருந்தால், அவரிடமிருந்து திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. அந்த அம்மாவைக் கேட்காமலே கேட்கும். சில மாதம் கழித்து ஒரு தடித்த உறை உங்கள் சுவிஸ் விலாசத்துக்கு வரும், தபாலை எடுத்து வைத்தவர் கைமுறிந்து இருக்கும்போது அதை யார் திறப்பார்கள்? அதனால் மகனுடைய விலாசத்துக்குத் தபாலை மாற்றி அனுப்பும்படி தபால்கந்தோரில் இன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். காலம் போனால் மறந்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். உடற்காயம் என்றால், பாதிப்பும் பொறுப்பானவரும் தெரிய வந்த நாளிலிருந்து 3 வருடம், சம்பவத்திலிருந்து அதிகபட்சம் 20 வருடம் வரை கேட்கலாம். 2020 ஜனவரியில் வந்த மாற்றம் இது.

அந்த அம்மாவுக்குக் கட்டாயம் போன் எடுங்கள். கை எப்படி, வலி குறைந்ததா, சாமான் வாங்க யாரும் உதவியா என்று கேளுங்கள், மகனை ஒருநாள் பழக்கூடையோடு போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சுகம் விசாரிப்பதால் எந்தச் சட்டச் சிக்கலும் வராது. ஆனால் நம் வாயில் சட்டென்று வருகிற ஒரு வசனம் இருக்கிறதே, 'எங்கட பிழைதான், முழுச் செலவையும் நாங்க தாறம்', அதை மட்டும் சொல்லவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். பொறுப்புக் காப்புறுதிகளில் (நம்மால் மற்றவருக்கு வந்த பாதிப்புக்கு நமக்காகக் கட்டும் காப்புறுதி) ஒரு நிபந்தனை இருக்கும், தங்களைக் கேட்காமல் பொறுப்பை ஏற்கவோ காசு கொடுக்கவோ கூடாது என்று. நல்ல மனதோடு நீங்கள் கொடுக்கிற 500 பிராங்கால் காப்புறுதிக்காரர் பின்னால் கை விரிக்க இடம் கிடைக்கும். அந்த அம்மாவுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது முழுதாகக் கிடைக்க வேண்டும் என்றால் அது காப்புறுதி வழியாகப் போவதுதான் நல்லது, அவருக்கும் உங்களுக்கும்.

அங்கேதான் எனக்குப் பெரிய கவலை இருக்கிறது. என்ன காப்புறுதி இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கணவர் இருந்தபோது 'கட்டடக் காப்புறுதி கட்டுறம்' என்று சொன்னதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கிராபுண்டனில் கட்டடக் காப்புறுதி கட்டாயம், அதை மாநில நிறுவனமே நடத்துகிறது, 26 மாநிலங்களில் 19இல் இப்படித்தான். அது தீ, புயல், வெள்ளம், பனிச்சரிவு, பனிப் பாரம் இவற்றால் உங்கள் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கு. உங்கள் படியில் விழுந்தவரின் கைக்கு அது ஒரு சதமும் தராது. அதற்கு வேறு பொலிசி வேண்டும், கட்டடச் சொந்தக்காரர் பொறுப்புக் காப்புறுதி என்று. தனிநபர் பொறுப்புக் காப்புறுதி வைத்திருந்தால் அதிலேயே வீடும் அடங்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், பெரும்பாலும் அது நாம் குடியிருக்கிற சொந்த வீட்டுக்குத்தான் பொருந்தும். நீங்கள் கல்லடியில், மகன் சூரிச்சில், மாடி வாடகைக்கு. இந்த நிலையில் அது பிடிக்குமா என்பது பொலிசியின் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். கணவர் பெயரில் இருந்த பொலிசி உங்கள் பெயருக்கு மாறியதா, தவணை கட்டுப்பட்டு வருகிறதா என்பதையும் பாருங்கள்.

எந்தப் பொலிசி என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிற எல்லாவற்றிலும் சம்பவத்தை இந்த வாரமே பதிவு செய்யுங்கள். பிந்திச் சொல்வதுதான் அவர்களுக்குப் பிடித்த காரணம். இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன இடம், இன்னார் விழுந்தார், இவ்வளவு போதும், காரணத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். பொறுப்புக் காப்புறுதி நட்டஈடு கட்ட மட்டும் இல்லை, நியாயமில்லாத அளவுக்குக் கேட்டால் உங்களுக்காக வாதாடவும் செய்யும், அந்தச் செலவும் அவர்களுடையது. பொலிசி எதுவுமே இல்லை என்று வந்தால் அந்த ஊர்ச் சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள், மட்டக்களப்பில் உறுதி எழுதித் தந்த நொத்தாரிசு இதில் உதவ முடியாது.

கூரைக்கு வருவோம். சபையின் கடிதத்தில் ஒரு திகதி போட்டிருக்கும், அதற்குள் நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் பொதுவாக அவர்களே ஆளை விட்டுச் செய்துவிட்டு பில்லை உங்களுக்கு அனுப்புவார்கள். அது எப்போதும் கூடுதலாகத்தான் வரும். ஆகவே அந்தக் கிராமத்துக் கூரை வேலைக்காரருக்கு இன்றே எழுதி, எழுதியதன் பிரதியைச் சபைக்கும் அனுப்புங்கள், நீங்கள் அசைந்துவிட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தால் இரண்டு நாள் பொறுப்பார்கள். வேலை முடியும் வரைக்கும் கூரை விளிம்புக்குக் கீழே பாதை ஓரத்தில் கம்பு நட்டு நாடா கட்ட வேண்டும். 'கூரைப் பனி கவனம்' என்று ஒரு பலகை மட்டும் மாட்டிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு, பலகை தனியே உங்களைக் காப்பாற்றாது.

கூரையின் கீழ் விளிம்பில் பனி வழுகாமல் பிடிக்கும் கம்பி அல்லது கொக்கிகள் இருக்கின்றனவா என்று அந்த வேலைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுப் பாதைக்கு மேலே சரியும் கூரைக்கு அவை இல்லையென்றால் அதுவும் ஒரு குறைதான். கோடையில் போட்டுக்கொள்ளலாம்.

பாரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், கூரை இடிந்து விழுமோ என்று. புதுப் பனி இலேசானது, ஒரு கன மீட்டர் 100 கிலோ கூட வராது. சில நாள் கிடந்து அமர்ந்தால் 200, 300 கிலோ. ஈரம் ஊறினால் 400, 500 கிலோ. 80 சதுர மீட்டர் கூரையில் அமர்ந்த பனி ஒரு மீட்டர் உயரத்துக்குச் சேர்ந்தால் 16 முதல் 24 தொன் என்று கணக்குப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உயரத்தில் விதிப்படி கட்டிய வீட்டுக் கூரை சதுர மீட்டருக்குப் பல நூறு கிலோ தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கும், அதனால் கூரையில் பனி சேர்ந்த உடனேயே ஓடிப்போய் வழிக்க வேண்டியதில்லை. நான் பயப்படுவது பழைய கொட்டில், பின்னால் சேர்த்துக் கட்டிய கார்த் தாழ்வாரம் இவற்றுக்கு. ஜேர்மனியில் பாட் ரைகன்ஹால் என்ற ஊரில் 2006 ஜனவரி 2ஆம் திகதி மேலே பனி சேர்ந்திருந்த நேரத்தில் சறுக்கு மண்டபத்தின் கூரை இடிந்து 15 பேர் போனார்கள், அதே மாதம் 28ஆம் திகதி போலந்தின் கட்டோவிட்ஸில் கண்காட்சி மண்டபம் ஒன்று விழுந்து 65 பேர். ரைகன்ஹால் கூரையில் பழைய கட்டுமானக் குறைகள் இருந்தது பிறகு தெரிய வந்தது. பனி ஒரு குறையைக் கண்டுபிடித்துத்தான் இடிக்கிறது. கதவு திடீரென்று இறுகுகிறது, மரம் முறிகிற சத்தம் வருகிறது, சீலிங் வளைகிறது என்று வாடகைக்காரர் சொன்னால் முதலில் அந்தக் குடும்பத்தை வெளியே வரச் சொல்லுங்கள், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

மகன் கூரையில் ஏறக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அவர் ஏறலாம் என்று யோசிக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள், அப்பாவும் ஏறியவர்தானே என்று. இடுப்பில் கயிறு கட்டி, இரண்டாவது ஆள் பிடித்திருக்க, பழகினவர்கள் செய்கிற வேலை அது, ஒரு பக்கத்தை மட்டும் வழித்து மறுபக்கப் பாரத்தை விட்டால் கூரை கோணலாகச் சுமக்கும் என்பது முதற்கொண்டு அவர்களுக்குத் தெரியும்.

இனி அடுத்த மாரிக்கு. பொறுப்பைக் கைமாற்ற முடியாது, வேலையைக் கைமாற்றலாம். அதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் செய்யுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கிராமத்தில் வீடு பராமரிக்கும் ஆளோ நிறுவனமோ இருப்பார்கள், பருவத்துக்கு ஒரு மொத்தத் தொகையாகவோ வரும் ஒவ்வொரு தடவைக்குமோ எடுப்பார்கள். பனி அதிகம் கொட்டும் ஊரில் மொத்தத் தொகை நிம்மதி. மற்றது, உங்கள் வாடகைக்காரரிடமே கேட்பது. அவர் அங்கேயே இருக்கிறார், காலையில் வேலைக்குப் போக அவருக்கும் வழி வேண்டும், மாதம் ஒரு தொகை வாடகையில் கழித்தால் சம்மதிக்கக்கூடும். ஆனால் நத்தாருக்கு அவர்கள் ஊருக்குப் போவார்கள், பனியும் ஆட்களும் அதிகம் வருகிற அந்த இரண்டு மூன்று வாரம் யார் என்று அந்தக் கடதாசியிலேயே பெயர் வேண்டும். அவருக்குச் சம்பளமாகக் காசு கொடுப்பதானால் சமூகக் காப்புறுதிப் பதிவையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடதாசியில் என்ன எழுதுவது? எந்தப் படி, எந்தப் பாதை, எவ்வளவு அகலம். எத்தனை சென்ரிமீட்டர் விழுந்தால் அள்ள வேண்டும், காலை எத்தனை மணிக்குள். அள்ளிய பனியை வளவின் எந்த மூலையில் குவிப்பது, இதை எழுதாமல் விட்டுப் பக்கத்து வீட்டோடு சண்டை வந்த ஆட்கள் நிறைய. எப்போது உப்பு, எப்போது சல்லிக்கல்: சாதாரண உப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் பெரிதாக வேலை செய்யாது, உங்கள் ஊரில் ஜனவரி இரவுகள் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், அப்போது பொடிச் சல்லிதான். உப்பு கல்படியையும் பூமரங்களையும் நாய்களின் காலையும் கெடுக்கும், அளவாகப் போடச் சொல்லுங்கள். கூரையையும் பீலியையும் வாரம் ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பது. ஒவ்வொரு தரமும் செய்து முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து உங்களுக்கும் மகனுக்கும் அனுப்புவது. அங்கே காலை ஆறரைக்கு அள்ளி முடித்தால் இங்கே பதினொரு மணி, நீங்கள் பார்த்து ஒரு பதில் போடலாம். அந்தப் படங்கள் வழக்கு வந்தால் ஒரு புத்தகம் அளவுக்குப் பேசும்.

பனிச்சரிவு எச்சரிக்கை வந்து சபை ஆட்களை வெளியேறச் சொன்னால் யாருக்குப் போன் வரும் என்பதையும் இப்போதே பாருங்கள். இன்னும் கணவருடைய இலக்கம்தான் சபையில் இருக்கும் என்று நினைக்கிறேன். மாற்றுங்கள், மகனுடையதையும் வாடகைக்காரருடையதையும் கொடுங்கள்.

செலவு? அள்ளும் கூலியை வாடகைக்காரரிடம் மேலதிகச் செலவாக எடுக்க வேண்டுமானால் அது ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும், கடப்பாட்டுச் சட்டத்தின் 257அ (257a) பிரிவில் இருக்கிறது. எழுதாத செலவு வாடகைக்குள் அடங்கிப்போகும். நடுவில் சேர்க்கவும் அதற்கென்று முறையும் படிவமும் இருக்கின்றன, இன்று சொல்லி நாளை எடுக்க முடியாது.

இதை வாசிக்கிற வேறு ஆட்களுக்காக ஒன்று. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்து காயப்பட்டவர் வீட்டுக்காரருக்கோ பனி அள்ளும் ஒப்பந்தக்காரருக்கோ 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், 2021 ஜனவரி இறுதியிலிருந்து இப்படி. உங்கள் பிள்ளைகள் அங்கே வாடகை வீட்டுப் படியில் விழுந்தால் வலி ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, விற்பதா என்று கேட்டீர்கள். இந்த ஒரு விபத்துக்காக விற்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். விற்றாலும் நடந்ததற்கான பொறுப்பு உங்களோடுதான் இருக்கும், வாங்குகிறவருக்குப் போகாது. அந்தப் பீலியோடும் சபைக் கடிதத்தோடும் இப்போது விற்கப் போனால் விலையையும் அடித்துக் கேட்பார்கள். இன்னுமொன்று, நீங்கள் இப்போது சுவிஸில் வதிபவர் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டுக் குடியுரிமையாளர் அங்கே வீடு வாங்குவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்கு இது கணவரின் முதுசமாக வந்ததால் அந்த அனுமதி தேவைப்படவில்லை. ஒரு தரம் கைவிட்டால் திரும்ப வாங்குவது சுலபமில்லை. படி, பீலி, கைபிடி, ஒரு ஒப்பந்தம், ஒரு பொலிசி, இவற்றைச் சரி செய்து ஒரு மாரியைக் கடந்து பாருங்கள். அதன் பிறகும் பாரமாகத் தெரிந்தால் மகனோடு கதைத்து முடிவெடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தையும், வீட்டில் கிடைக்கிற எல்லாப் பொலிசிகளின் முதல் பக்கத்தையும், சபைக் கடிதத்தையும் மகனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சபைக் கடிதத்தில் இருக்கும் திகதியை மட்டும் இன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள், கூரை வேலைக்காரருக்கும் சபைக்கும் போக வேண்டிய இரண்டு கடிதத்தையும் ஜேர்மன் மொழியில் எழுதித் தருகிறேன்.